குடோனில் வணக்கம் வைத்த டாக்டரம்மா

காதர்பேட்டையில் ஒரு லாட்டுக்கு விலை பேசிக்கொண்டிருந்தபோதுதான் செய்தி வந்தது. ஏற்றுமதிக்குப் போகாமல் தங்கிவிட்ட டீ-சர்ட்டுகள். கழுத்துப் பட்டி லேசாக இழுத்திருந்தது. அந்தக் குறையை நான் விரலால் தொட்டுக் காட்டிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. அழைத்தவர் ரத்னா. டாக்டர் எஸ்தர் பொற்கொடியின் கண் ஆஸ்பத்திரியில் தொடக்கத்திலிருந்தே நர்ஸாக இருப்பவர். "அண்ணா, டாக்டரம்மா நம்மள விட்டுட்டுப் போயிட்டாங்க" என்றார். காலை ஓ.பி. முடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்திருக்கிறார். டீ எடுத்துக்கொண்டு போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மாரடைப்பு.

போனை வைத்ததும் எதிரில் இருந்த வியாபாரி யார் என்று கேட்டார். சொன்னேன். "பல்லடம் ரோட்டு டாக்டரம்மாவுங்களா? என்ற மகளுக்குக் கண்ணாடி எழுதுனதே அவங்கதானுங்களே" என்று லாட்டை அப்படியே போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். பிறகு அவராகவே ஒரு விலையைச் சொன்னார். சரி என்றேன். என் தொழில் வாழ்க்கையில் பேரம் பேசாமல் எடுத்த சரக்கு அது ஒன்றுதான்.

நம் வியாபாரிகள் சங்க மலருக்கு அவரைப் பற்றி எழுதச் சொன்னார்கள். நான் பவர்டேபிள் பக்கத்தில் நின்று, தைத்த துணியை மடித்துக் கொடுக்கும் கைமடியாக இந்தத் தொழிலுக்குள் வந்தவன். இன்று கம்பெனிகளில் கழிக்கும் செகண்ட்ஸ் சரக்கை வாங்கி விற்கிறேன். அலங்காரமாக எழுத வராது. இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் அந்தம்மாவின் கண் பார்க்கும் மிஷினில் தாடையை வைத்து உட்கார்ந்தவர்கள். திட்டும் வாங்கியிருப்பீர்கள். அவரைத் தெய்வமாக்கி எழுதினால் நீங்களே சிரிப்பீர்கள். எனக்குத் தெரிந்த டாக்டரம்மா கோபக்காரர், பிடிவாதக்காரர், பனியன் வாங்கத் தெரியாதவர். கொரோனா ஊரடங்கு தளர்ந்து, எப்படித் திறப்பது என்று எல்லோரும் திணறிக்கொண்டிருந்தபோது, என் மைத்துனனுடைய ஒற்றைக் கண்ணுக்காக ஆஸ்பத்திரியைத் திறந்தவர். திறந்ததை மறுபடி மூடவிடாமல் பார்த்துக்கொண்டவர். அதை எழுதினால் போதும் என்று நினைக்கிறேன்.

அவருக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். அந்தப் பக்கத்திலிருந்து பனியன் கம்பெனி வேலைக்குக் குடும்பம் குடும்பமாக வந்தார்களே, அந்தச் சமயத்தில் கல்யாணமான புதிதில் இங்கே வந்தார். என் குடோனை ஒட்டிய கட்டடத்தில் ஆஸ்பத்திரி வைத்தார். இத்தனை வருடம் ஆகியும் ஊர்ப் பேச்சு மாறவில்லை. ஊரே 'ஏனுங்க' என்று கூப்பிட்டுக்கொள்ளும் இடத்தில் அவர் மட்டும் என்னை 'அண்ணாச்சி' என்பார். முதல் சந்திப்பே சண்டை. என் டெம்போ ஆஸ்பத்திரி வாசலில் இருந்த சரிவுப் பாதையை அடைத்துக்கொண்டு நின்றது. உள்ளே இருந்து நேராக என் குடோனுக்குள் வந்தார். "அண்ணாச்சி, எங்கிட்ட வாரவங்களுக்குக் கண்ணு சரியாத் தெரியாது. ஒங்க டிரைவருக்கு நல்லாத் தெரியும்லா? யாரு ஒதுங்கணும்னு நீங்களே சொல்லுங்க" என்றார். வண்டியை எடுக்கச் சொன்னேன்.

கிறிஸ்துமஸ் நெருங்கினால் ஊரில் உள்ள பிள்ளைகளுக்குக் கொடுக்க என்னிடம் பனியன் எடுக்க வருவார். ஒவ்வொரு பனியனையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கண் பரிசோதிப்பதுபோலப் பரிசோதிப்பார். நல்ல பனியனை ஓட்டை என்று ஒதுக்குவார். உண்மையிலேயே ஊசி விட்டுப்போய் ஓட்டை விழுந்த பனியனைப் பிரமாதம் என்று எடுத்து வைப்பார். நான் மாற்றி வைத்தால், தள்ளிவிடப் பார்க்கிறேன் என்று சந்தேகப்படுவார். "உங்க மிஷின்ல வச்சுப் பாருங்க டாக்டரம்மா, அப்பத் தெரியும்" என்பேன். "எனக்கு என்ன தொழில் தெரியுமோ அதைத்தான் செய்யுதேன். ஒங்க தொழிலுக்கு வந்தா ஒங்கள மாதிரிதான் ஏமாத்த முடியும்" என்பார். ரத்னா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்.

ஊரடங்கு வந்தது. பனியன் கம்பெனிகள் நின்றன. பல்லடம் ரோட்டில் பஸ் இல்லை. வடக்கத்திப் பையன்கள் மூட்டையோடு நடந்தே கிளம்பினார்கள். ஆஸ்பத்திரிகளுக்குத் தடை இல்லை என்றாலும் கண் டாக்டர்கள் நிறையப் பேர் மூடித்தான் வைத்திருந்தார்கள். காரணம் உங்களுக்கே தெரியும். கண்ணைப் பார்க்கும் மிஷினில் நாம் இந்தப் பக்கம் தாடையை வைக்கிறோம், அவர்கள் அந்தப் பக்கம் முகத்தை வைக்கிறார்கள். நடுவில் ஒரு ஜாண் கூட இல்லை. நாம் விடும் மூச்சை அவர்கள் இழுக்கிறார்கள். டாக்டரம்மாவுக்குச் சர்க்கரை வேறு. போனில் படம் அனுப்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் மதில் சுவருக்கு இரண்டு பக்கமும் நின்று பேசிக்கொண்டோம். "போட்டோவைப் பாத்து லாட் எடுப்பீயளா அண்ணாச்சி?" என்று கேட்டார். எடுக்க மாட்டேன் என்றேன். "நான் இப்ப அதைத்தான் செஞ்சுக்கிட்டிருக்கேன்" என்றார். அந்தக் குரலில் இருந்த சலிப்பை அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை.

இனி பழனிசாமி. என் மனைவி சாரதாவின் தம்பி. சாமளாபுரத்தில் தறி வைத்திருக்கிறான். இளவயதில் ஓடுகிற தறியிலிருந்து நூலைக் கொண்டு ஓடும் நாடாக்கட்டை தெறித்து வந்து இடது கண்ணில் அடித்துவிட்டது. அந்தக் கண் போனது போனதுதான். மிச்சமிருந்த வலது கண்ணுக்கு டாக்டரம்மா ஒரு கண்ணாடி எழுதிக் கொடுத்து, தூங்கும்போது தவிர கழற்றவே கூடாது என்று சொல்லியிருந்தார். "ஒத்தக் கண்ணுக்காரருக்குக் கண்ணாடி பவருக்கு இல்ல, காவலுக்கு" என்பது அவர் வார்த்தை. அவனும் கழற்றாமல்தான் இருந்தான். ஊரடங்கு தளர்ந்து தறி ஓட்டலாம் என்றானதும் மூக்கில் மாஸ்க் வந்தது. மூச்சுவிட்டால் கண்ணாடியில் ஆவி படிந்தது. எதுவும் தெரியவில்லை என்று கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, இத்தனை நாளும் நின்றுபோய்ப் பூசணம் பிடித்திருந்த தறியைக் காற்றுப் பைப்பால் ஊதிச் சுத்தம் செய்திருக்கிறான். தூசி நேராகக் கண்ணில் அடித்தது.

வீட்டில் சொன்னால் திட்டுவார்கள் என்று மருந்துக் கடையில் ஏதோ சொட்டு மருந்து வாங்கிப் போட்டுக்கொண்டான். முதலில் சிவப்புக் குறைந்த மாதிரி இருந்ததாம். பிறகு கருவிழியில் வெள்ளையாக ஒரு புள்ளி தெரிந்தது. சாரதாவுக்குப் போன் செய்து அழுதான். என்னிடம் பேசும்போது அழவில்லை. "மாமா, எல்லாம் பொகையாட்டத் தெரியுது. ஒங்க கொரலு கேக்குது, மூஞ்சி தெரிய மாட்டேங்குது" என்றான். வீடியோ காலில் பேசிக்கொண்டிருந்தோம்.

டாக்டரம்மாவுக்குச் சொன்னதும் வேறு எதையும் கேட்கவில்லை. போட்ட மருந்தை உடனே நிறுத்தச் சொன்னார். அந்த மருந்தின் பெயரை நான் படித்துக் காட்டியபோது, கொடுத்த கடைக்காரரை அவர் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. காரில் கூட்டிவரச் சொன்னார். அவரும் ரத்னாவும் மட்டும் இருந்த ஆஸ்பத்திரியில் அவனை உட்கார வைத்தார். மிஷினுக்கு நடுவில் மூச்சை மறிக்க ஏதாவது வேண்டும் என்றார். சட்டைப் பெட்டிகளுக்கு மூடியாகப் போடும் கெட்டியான கண்ணாடித் தாள் என் குடோனில் கட்டுக் கட்டாகக் கிடந்தது. ஒன்றை எடுத்துப் போனேன். கத்தரியால் இரண்டு ஓட்டை போட்டு மிஷினில் மாட்டிக்கொண்டார். பழனிசாமியின் மாஸ்க் மேல்விளிம்பை மூக்கோடு சேர்த்து பிளாஸ்திரி ஒட்டினார். ஆவி மேலே ஏறுவது நின்றது. "இத ஒட்டியிருந்தா கண்ணாடியக் கழட்டியே இருக்க வேண்டாம். ஒரு விரக்கடை பிளாஸ்திரி" என்றார். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

புண்ணிலிருந்து சுரண்டி எடுத்து அவரே மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். பூஞ்சை. வேறு மருந்து, பகலெல்லாம் மணிக்கொரு தடவை. தினமும் வந்து காட்ட வேண்டும், வாரக்கணக்கில் ஆகும், புண் உள்ளே இறங்கினால் கண் நிற்காது என்று ஒளிக்காமல் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "தெனமும் இவரப் பாக்கணும்னா தெனமும் தெறக்கணும். தெறந்திருக்குன்னு தெரிஞ்சா இவர மாதிரி இருக்க மத்தவங்களும் வருவாங்க. வரணும். ஆனா எனக்கோ ரத்னாவுக்கோ வந்துட்டா, அன்னையோட கதவு மூடிரும். அப்புறம் இந்தக் கண்ண யாரு பாக்குறது?" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "கண்ணக் குடுக்கப் போயி மூச்ச வாங்கிரக் கூடாது அண்ணாச்சி."

நான் சும்மா இருக்கிறவன் கிடையாது. அப்போது புதுச் சரக்கு வராமல் குடோன் பெரும்பாலும் காலியாகக் கிடந்தது. முன்னால் ஒரு ஷட்டர், பின்னால் ஒரு ஷட்டர். இரண்டையும் தூக்கினால் ஆடி மாதம் மாதிரிக் காற்று போகும். கண்மணி விரிய மருந்து விட்டுவிட்டு ஆஸ்பத்திரியின் சின்ன ஹாலில் இருபது பேர் கண்ணை மூடிக்கொண்டு தோளோடு தோள் உட்கார்ந்திருப்பார்களே, அவர்களை இங்கே தள்ளித் தள்ளி உட்கார வைக்கலாம் என்றேன். தர்மம் செய்தேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். என் மைத்துனன் கண் அவர் கையில் இருந்தது.

அவரும் நானும் சேர்ந்து திட்டம் போட்டோம். நான் தையல் லைன் மாதிரி யோசித்தேன். முதல் மேசையில் பெயர், அடுத்த மேசையில் பார்வை, அடுத்ததில் மருந்து, பீஸ் நகர்ந்து போவதுபோல ஆள் நகர்ந்து போகலாம் என்றேன். அவர் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். "ஒங்க லைன்ல டைலர் ஒக்காந்திருப்பாரு, துணி நகரும். துணி தும்மாதுலா. இங்க ஆளு ஒரே நாற்காலியில ஒக்காரட்டும், நாங்க நகருதோம்" என்றார். சரிதான். மிஷினுக்கு மட்டும் எழுந்து உள்ளே போய் வரலாம்; ஒருவர் வீட்டுக்குப் போகும்வரை அவர் நாற்காலியில் வேறு யாரும் உட்காரக் கூடாது என்று வைத்தோம். மிஷினில் தாடை வைக்கும் இடத்தை, உட்காரப் போகிறவர் கண் முன்னாலேயே ஸ்பிரிட் போட்டுத் துடைக்கச் சொன்னார். முன்னாலேயே துடைத்து வைத்தால் போதாதா என்று ரத்னா கேட்டதற்கு, பார்த்தால்தான் நம்புவார்கள் என்றார். அது எனக்கு உடனே புரிந்தது. பண்டலை வாங்குகிறவன் எதிரில் பிரிப்பதுதான் வியாபாரம்.

எல்லாம் தயார். திறந்தோம். முதல் ஆளிலேயே எல்லாம் கெட்டது.

முதலில் வந்தவர் பல்லடத்தில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் ஒரு பெரியவர். மாஸ்க் ஒழுங்காகப் போட்டிருந்தார். கையைக் கழுவினார். நாற்காலியில் சொன்னபடி உட்கார்ந்திருந்தார். உள்ளே போய் டாக்டரம்மாவைப் பார்த்ததும் மாஸ்க்கைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு கையையும் கூப்பி, "வணக்கமுங்க டாக்டரம்மா, நல்லாயிருக்கறீங்களா? ஊட்ல எல்லாரும் சௌக்கியமுங்களா?" என்று முகத்துக்கு நேராகக் கேட்டுவிட்டார். ரத்னா பதறிப்போய் மாஸ்க்கைப் போடச் சொன்னார். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "வாயக் கட்டிக்கிட்டு டாக்டரம்மாகிட்டப் பேசறதுங்களா? என்ன பழக்கமுங்க அது?" என்றார். அவர் மட்டும் இல்லை. அடுத்து வந்த அம்மா மாஸ்க்கைக் கழுத்துக்கு இறக்கிவிட்டுத்தான் பேசத் தொடங்கினார். அதற்கடுத்தவர் கழற்றவில்லை, ஆனால் மிஷினில் தாடையை வைத்துக்கொண்டு, மேலே பாருங்கள் என்றால் "சரீங்க", கீழே பாருங்கள் என்றால் "பாத்துட்டனுங்க", விளக்கைப் பாருங்கள் என்றால் "ஆமாங்க, தெரியுதுங்க" என்று ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். பெரியவர்கள் ஒன்று சொன்னால் பதில் சொல்லாமல் இருப்பது நம் ஊரில் எப்படிப்பட்ட காரியம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கிருமியையெல்லாம் தாண்டி வந்தோம், நம் மரியாதையைத் தாண்ட முடியவில்லை.

டாக்டரம்மா மீதிப் பேரைத் திருப்பி அனுப்பச் சொன்னார். பழனிசாமியை மட்டும் பார்த்தார். புண் குறையவில்லை, கூடவும் இல்லை. கையைக் கழுவிக்கொண்டு குடோன் ஷட்டர் பக்கம் வந்து நின்றார். முகத்தில் கவசம், அதற்குள் மாஸ்க், எல்லாம் வேர்த்துப்போயிருந்தது. "இந்த ஊரு மரியாதையே என்னையக் கொன்னுரும் அண்ணாச்சி. நாளைக்கும் இப்படின்னா நான் மூடித்தான் ஆகணும்" என்றார். பழனிசாமி காரில் உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் காதில் விழும் என்று இருவருக்கும் தெரியும்.

போர்டு எழுதி வைக்கலாம் என்றார் ரத்னா. கண் தெரியாதவர்களுக்குப் போர்டா என்று நான் கேட்டேன். யாரும் சிரிக்கவில்லை. மரியாதை செய்யாதே என்று சொன்னால் ஒருவரும் கேட்கப் போவதில்லை. மரியாதை செய்ய வேறு இடம் கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. "டாக்டரம்மா, காலையில ஓ.பி. ஆரம்பிக்கறதுக்கு முன்னால நீங்க குடோனுக்கு வந்து நில்லுங்க. காத்தோட்டமா தூர நின்னு எல்லாருக்கும் வணக்கம் வையுங்க. ஊட்ல எல்லாரும் சௌக்கியமான்னு அவங்க கேக்கட்டும், நீங்களும் கேளுங்க. அங்கயே முடிச்சுட்டா உள்ள வந்து கேக்க ஒண்ணும் இருக்காதுங்க" என்றேன். "கல்யாண வீட்டுல வாசல்ல நின்னு வாங்க வாங்கன்னு சொல்லுவாவளே, அந்த மாதிரியா?" என்று டாக்டரம்மா கேட்டார். அதே மாதிரிதான் என்றேன்.

மிஷினில் பதில் சொல்லும் சிக்கலுக்கு வழி கண்டது பழனிசாமி. கார் ஜன்னலை இறக்கிவிட்டுக் கூப்பிட்டான். சந்தையில் மாட்டுக்கு விலை பேசுகிறவர்கள் துண்டுக்கடியில் விரலால்தானே பேசிக்கொள்கிறார்கள், ஒரு வார்த்தை வெளியே வருகிறதா என்று கேட்டான். மேசையைத் தட்டட்டும் என்றான். ஒரு தட்டு ஆமாங்க, இரண்டு தட்டு இல்லீங்க. டாக்டரம்மா முதல் தடவையாக அன்று சிரித்தார். "அதுல 'ங்க' எங்க வருது பழனிசாமி?" என்று கேட்டார். "மெதுவாத் தட்டுனா வந்துருமுங்க" என்றான்.

மறுநாள் காலை வெயில் ஏறுவதற்குள் டாக்டரம்மா குடோனில் வந்து நின்றார். ஒவ்வொரு நாற்காலியாகப் பார்த்துக் கும்பிட்டார். அந்தக் கோழிப்பண்ணைப் பெரியவரும் திரும்ப வந்திருந்தார். அவரிடம் பெயர் சொல்லி விசாரித்தார். அவர் மாஸ்க்கோடு எழுந்து நின்று, நேற்று கேட்டதையெல்லாம் இன்னொரு தடவை கேட்டார். டாக்டரம்மா எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். என்ன தொந்தரவு, எத்தனை நாளாக என்ற பேச்செல்லாம் அவரவர் நாற்காலியிலிருந்தே போனில் நடந்தது. டாக்டரம்மா உள்ளே இருந்து கேட்டுக்கொள்வார். பிறகு உள்ளே போனால் வாயைத் திறக்க வேலையில்லை. பெரியவர் மிஷின் முன்னால் உட்கார்ந்து கல்யாணப் பந்தியில் இலையைத் துடைப்பவர் மாதிரி மெதுவாக, மரியாதையாக, மேசையைத் தட்டினார். ரத்னா வெளியே வந்து என்னிடம் இதைச் சொன்னபோது அவர் கண்ணில் தண்ணீர். சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி மூடவில்லை. போகாமல் தங்கிவிட்ட பீகார்ப் பையன் ஒருவன் நிட்டிங் மிஷினில் கண்ணில் அடிபட்டு வந்தான். ஒரு சொல் தமிழ் தெரியாது. தட்டுவதற்குத் தமிழ் தேவைப்படவில்லை. ரத்னா காட்டிய விளக்கு தெரிந்தால் ஒரு தட்டு தட்டினான், தெரியாவிட்டால் இரண்டு தட்டினான். ஒரு தடவை எனக்கு வேண்டிய ஏற்றுமதிக்காரர் ஒருவரைக் கூட்டிப்போய், குடோனில் உட்கார வைக்காமல் நேரே உள்ளே விட முடியுமா என்று கேட்டேன். டாக்டரம்மா அவரைச் சாயப்பட்டறைக்காரர் ஒருவருக்கும் குண்டடத்து வெங்காய விவசாயி ஒருவருக்கும் நடுவில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தார். என்னைக் கூப்பிட்டு, "அவரு விடுற மூச்சு மட்டும் ஏற்றுமதித் தரமா அண்ணாச்சி?" என்று கேட்டார். ஏற்றுமதிக்காரர் இன்றுவரை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்.

பழனிசாமியின் புண் சட்டென்று ஆறிவிடவில்லை. ஒரு வாரம் நன்றாக இருக்கும், மறு வாரம் டாக்டரம்மாவின் புருவம் சுருங்கும். கோவைக்கு அனுப்பிக் கருவிழி மாற்ற வேண்டியிருக்கும் என்றுகூட ஒரு கட்டத்தில் சொன்னார். சாரதா மருதமலைக்கு வேண்டிக்கொண்டாள். ஒரு நாள் காலை டாக்டரம்மா மிஷினிலிருந்து முகத்தை எடுத்து, தூரத்துச் சுவரில் இருந்த எழுத்துகளைப் படிக்கச் சொன்னார். பேசக்கூடாது என்ற விதியை அன்று அவரே மீறினார். அவன் மேலே இருந்து மூன்று வரி படித்தான். நான்காவது வரியில் தடுமாறினான். "போதும். இதுக்கு மேல படிச்சு என்ன கலெக்டராவா ஆகப் போறீங்க?" என்றார். புண் ஆறிக் கருவிழியில் தழும்பு தங்கிவிட்டது. பார்வை கொஞ்சம் மங்கல்தான். ஆனால் தறி ஓட்டுகிறான், தனியாகப் போய் வருகிறான், பிள்ளைகளின் முகம் தெரிகிறது.

கொரோனா போய் எல்லாம் பழையபடி ஆனது. கண்ணாடித் தாளைக் கழற்றினார்கள். காலையில் குடோனுக்கு வந்து வணக்கம் வைப்பதை மட்டும் டாக்டரம்மா விடவில்லை. நான் குடோனைத் திருப்பிக் கேட்கவும் இல்லை. கூட்டத்தைப் பார்த்துவிட்டு, நித்யா என்ற இளம் டாக்டரையும் கூட வைத்துக்கொண்டார். பழனிசாமியை ஒரு தடவை தான் பார்த்தால் மறு தடவை நித்யாவிடம் அனுப்பினார். அவனுக்கு அது பிடிக்கவில்லை. சின்னப் புள்ளையாட்ட இருக்குது என்று என்னிடம் முணுமுணுத்தான். அது டாக்டரம்மாவின் காதுக்குப் போனது. "ஒரே ஒரு கண்ண வச்சுக்கிட்டு ஒரே ஒரு டாக்டர நம்பலாமா? ஒங்க தழும்ப ரெண்டு பேராவது மனப்பாடமா வச்சிருக்கணும்" என்றார்.

அடக்கத்தன்று பழனிசாமி சாமளாபுரத்திலிருந்து வந்திருந்தான். அவர் பெட்டிக்குப் பக்கத்தில் வெகுநேரம் நின்றான். வெளியே வந்து, "மாமா, இனி என்ற கண்ண ஆரு பாப்பாங்க?" என்று கேட்டான். யார் பார்ப்பார்கள் என்று அவனுக்கே தெரியும். இருந்தாலும் கேட்டான். பயம். அவனுக்கு மட்டுமா? ரத்னா ஒரு மூலையில் நின்று, ஆஸ்பத்திரி இனி நடக்குமா என்று என்னைக் கேட்டார். தனியாக நடத்த முடியுமா என்ற கவலை நித்யாவின் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

ஊரடங்கு சமயத்தில் ஒரு நாள் நான் டாக்டரம்மாவிடம் கேட்டது அப்போது ஞாபகம் வந்தது. சர்க்கரையை வைத்துக்கொண்டு தினமும் இத்தனை பேர் முகத்துக்கு நேரே உட்காருகிறீர்களே, பயமாக இல்லையா என்று கேட்டிருந்தேன். இருக்கு என்றார். உடனே சொன்னார், மறைக்கவில்லை. "பயம் போன பொறவு தெறக்கலாம்னா தெறக்கவே முடியாது அண்ணாச்சி. அதுக்கு ஒரு வேலையக் குடுத்துரணும். துடைக்கச் சொல்லணும், சன்னலத் தெறக்கச் சொல்லணும். சும்மா ஒக்கார வச்சோம்னா நம்மளத்தான் மேயும்."

அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது இதுதான். தொழிலில் எனக்கும் பயம் வரும். ஆர்டர் குறையும், சரக்கு தேங்கும், வயசாகிறது. முன்பெல்லாம் பயந்தால் தூங்க மாட்டேன். இப்போது பயம் வந்தால், உனக்கு என்ன வேலை தரலாம் என்று யோசிக்கிறேன். ரத்னாவிடமும் நித்யாவிடமும் அதைத்தான் சொன்னேன். அடக்கம் முடிந்த அடுத்த திங்கட்கிழமையே ஆஸ்பத்திரியைத் திறந்தார்கள். காலையில் நித்யா குடோனுக்கு வந்து நின்று கும்பிட்டார். குரல் நடுங்கியது. கடைசி நாற்காலிக்கு வரும்போது நடுக்கம் நின்றிருந்தது.

அன்று பழனிசாமியும் வந்திருந்தான். நித்யா வெகுநேரம் மிஷினில் பார்த்தார். தழும்பு அப்படியே இருக்கிறது, புதிதாக ஒன்றும் இல்லை, கண் அழுத்தமும் சரியாக இருக்கிறது என்றார். வெளியே வந்து என்னோடு ரோட்டோரம் நின்றான். காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். வேண்டாம் என்றான். பஸ் ஒன்று தூரத்தில் வந்தது. யாரையும் கேட்காமல், கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பஸ்ஸின் நெற்றியில் எழுதியிருந்த ஊர்ப் பெயரைப் படித்தான். கையைக் காட்டி நிறுத்தி ஏறிப் போனான்.